அங்கிள் வில்பர் மேல் ஒரு வழக்கு

மேற்கு வர்ஜீனியாவில் வெல்டா கிரைட்ஸ் என்பவள் குடியிருக்கும் மலைப்பக்கத்தில், வண்டியில் எழுதியிருக்கும் பேர்தான் ஆளின் பேர். குழாய் ரிப்பேர் வண்டியில் யார் பேர் இருக்கிறதோ அவனே இறங்கி வருவான். வேலை சொதப்பினால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மானத்தை வாங்கிவிடலாம். அந்த நினைப்பில்தான் புளோரிடாக் கம்பெனி ஒன்றிடம் ஏமாந்தாள்.

அவள் புருஷன் டென்ஸில் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவன். அவனை மாடியிலிருந்து இறக்க, படியோரமாக ஓடும் நாற்காலி ஒன்றைக் கம்பெனி மாட்டியது. சில வாரம் ஓடிவிட்டுப் பாதிப் படியில் நின்றது. போன் செய்தால் பாட்டுதான் கேட்டது. அக்கம்பக்கத்தார் தூக்கி இறக்குகிறோம் என்றபோது, அதையெல்லாம் சவப்பெட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டான் டென்ஸில். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷன் கேட்டது. வசந்தம்வரை தாங்குவானா என்று டாக்டருக்கே சந்தேகம்.

வெல்டா ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். எதிராளி பேர்: அங்கிள் வில்பர். நாற்காலி மாட்ட வந்த கம்பெனி வண்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது.

விசாரணையன்று நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். எதிர்ப்பக்க நாற்காலி காலி. நீதிபதி டீட்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெல்டா அம்மா, வில்பர்னு ஒரு ஆளே இல்ல. வியாபாரத்துக்கு வெச்ச பேரு அது. சம்மன் திரும்பி வந்துடுச்சு."

"வண்டியில படம் இருந்துச்சே ஐயா. மீசையெல்லாம் வெச்சிருந்தான்."

கம்பெனியின் நிஜப் பேரைக் கண்டுபிடித்து மறுபடி போட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும், ஜெயித்தாலும் பணத்தை வசூலிக்கப் புளோரிடாக் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"அப்பவாவது நாற்காலி ஓடுமா?"

"பணத்தைக் குடுன்னுதான் நான் சொல்லலாம். வந்து சரிபண்ணுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா."

நல்ல அதிகாரம்.

வீட்டில் டென்ஸில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். காலில் ஷூ. தானே குனிந்து மாட்டியிருக்கிறான், மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"எப்ப வர்றான் வில்பர்?"

வெல்டா கீழே உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"வில்பர் செத்துட்டானாம், டென்ஸில்."

அவன் படிப்பக்கம் பார்த்தான். நாற்காலி நின்றதிலிருந்து முகத்திலிருந்த கோபம் போய்விட்டது.

"அடப்பாவமே. அதான் வரல. அவன் பொண்டாட்டிக்கு ஏதாச்சும் சமைச்சு அனுப்பிடு."

அனுப்புகிறேன் என்றாள்.