துரை கொடுத்த பெட்டி

அப்பாவோடு நான் போட்ட சண்டைகளில் பாதி அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். அதன் மூடியைத் திறக்கலாமா, கூடாதா என்பதே வழக்கு. கூடாது என்பார் அப்பா. ஏன் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "துரை கையால குடுத்தது."

துரை என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போது வருகிறவர்கள் கண்டியிலோ கொழும்பிலோ படித்த நம் நாட்டு ஆட்கள்தான். ஆனாலும் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், அவர் துரைதான். அப்பா ஃபாக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ் முற்றத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததால் ஒதுக்கிவைத்திருந்த பழையதில் ஒன்றை அன்றிருந்த துரை அவர் கையில் கொடுத்தார். நான் அப்போதுதான் நோர்வூட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்திருந்தேன். "மகளுக்கு உதவும்" என்றார். போட்டோ எடுத்தார்கள். அப்பா அந்தப் பெட்டியைத் தலையில் வைத்து லயத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், ஸ்டிக்கர் முன்னால் தெரிகிற மாதிரி.

அந்த ஸ்டிக்கரில்தான் உள்ளே இருக்கிற பிராசசரின் பெயர் இருந்தது. அந்தக் காலத்துக்கு நல்ல பிராசசர். சரஸ்வதி பூஜைக்கு அப்பா சரஸ்வதி படத்துக்குப் பொட்டு வைக்கிறாரோ இல்லையோ, ஸ்டிக்கருக்கு மேலே சந்தனம் வைத்து நடுவில் குங்குமமும் வைப்பார். குளிருக்கு மெஷின் விறைத்துப்போகும் என்று தனக்குப் போர்த்திய பொன்னாடையை அதற்குப் போர்த்தினார். ஓடிக்கொண்டிருக்கும்போதும் போர்த்துவார். நான் உருவுவேன், அவர் மறுபடி போர்த்துவார். சூடு தாங்காமல் அது நின்றுபோனால், "பாத்தியா, குளிரு" என்பார். என்ன செய்ய, தலையில் அடித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் உலை வைக்கிறது அந்தக் கம்ப்யூட்டரால்தான். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரர் கல்யாணம், சடங்கு வீடு என்று எடுக்கிற படங்களை அனுப்புவார். நான் அவற்றை வெட்டி ஒட்டி ஆல்பமாக்கிக் கொடுப்பேன். இந்த வேலை இருப்பதால்தான் நான் மலைக்குப் போகவில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் தலையில் கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு அட்டைக்கடியில் நிற்கிறார்கள். அம்மாவும் அப்படி நின்றே முதுகு வளைந்து செத்துப்போனாள். நான் நிற்கமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஆனால் மெஷின் இழுத்தது. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும். நான்தான் கண்டதையும் போட்டு நிரப்பிவிட்டேனோ என்று நினைத்தேன். லயத்துக் கரண்டைத் திட்டினேன், ஈரத்தைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். ஒரு கல்யாண ஆல்பம் பிந்தி, மாப்பிள்ளை வீட்டார் கடைக்கே வந்து சத்தம் போட்டதும் ஸ்டூடியோக்காரர் போனில் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, இனி ஒரு தடவ லேட்டானா வேற ஆளப் பாத்துக்குவேன். கோவிச்சுக்காதீங்க."

பிராசசரை மாற்றுவதா, வேறு மெஷினே வாங்குவதா? ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடைக்காரருக்குப் போன் போட்டு, ஸ்டிக்கரில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினேன். அவருக்கே குழப்பம்.

"அந்த பிராசசர்னா உங்க வேலைக்குத் தாராளம் தங்கச்சி. இப்படி இழுக்கக் கூடாதே. கொண்டாங்க, தொறந்து பாப்போம்."

அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "அவன் உள்ள உள்ளத உருவிக்கிட்டு ஒடசல மாட்டி உட்டுருவான் புள்ள. டவுன்காரனுங்கள உனக்குத் தெரியாது. துரை வீட்டுச் சாமான்னா கண்ணு வைப்பானுங்க."

"அப்பா, தள்ளுங்க. பஸ்ஸு போயிரும்."

பொன்னாடையிலேயே பெட்டியைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. எல்லாவற்றையும் ஊதித் துடைத்து, மேலே இருந்த ஃபேனைக் கழற்றி, பிராசசர் சிப்பில் காய்ந்திருந்த பசையை வழித்துவிட்டு அதிலிருந்த எழுத்தைப் படித்தார். பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட வந்த பொறகு யாராச்சும் தொறந்தாங்களா?"

"எங்கப்பா தூசி தட்டவே விடமாட்டாருண்ணே."

"அப்ப வாறதுக்கு முன்னாலயே மாத்திட்டாங்க. இது ஸ்டிக்கர்ல உள்ள பிராசசர் இல்ல தங்கச்சி. இருக்கிறதுலயே கடேசி ரகம். ராம் மெமரியும் ஒண்ணக் காணோம். பாருங்க, எடம் சும்மா கெடக்கு."

நாலு பேர் பறிக்க வேண்டிய கொழுந்து நிரையை ஒரே ஆள் பறித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தச் சின்னச் சிப் இத்தனை வருஷமும் மூச்சு வாங்கியிருக்கிறது. அதை நான் திட்டியிருக்கிறேன்.

யார் உருவியது என்று எனக்குத் தெரியாது. துரையாக இருக்கலாம், ஆபீஸில் யாராவதாக இருக்கலாம். யாராக இருந்தால் என்ன? நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி, ஸ்டிக்கரை மட்டும் பத்திரமாக விட்டுவைத்து, பொன்னாடையும் போர்த்தியிருக்கிறார்கள். அப்பா ஃபாக்டரியில் நின்று சலித்த தேயிலையில் நல்ல ரகமெல்லாம் கப்பலேறும், கடைசியாக மிஞ்சுகிற தூளைத்தான் எங்களுக்குக் குடிக்கத் தருவார்கள். கம்ப்யூட்டரையும் சலித்துவிட்டுத்தான் தந்திருக்கிறார்கள்.  அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது.

"ஸ்டிக்கர்ல உள்ள அதே பிராசசர் பழசு ஒண்ணு கடையில கெடக்கு" என்றார் கடைக்காரர். "போட்டா நல்லா ஓடும். இல்ல, இத இங்கயே உட்டுட்டு வேற மெஷின் பாக்குறீங்களா?"

வேறு மெஷினுக்கு நான் எங்கே போக? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சடங்கு ஆல்பம் கொடுத்தாக வேண்டும். தீபாவளிச் சேலைக்கென்று ஒதுக்கியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். சாம்பல் நிறப் பசை ஒரு பொட்டு வைத்து, அந்தச் சிப்பை ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தார் அவர். பரிசாகக் கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்ன சாமானை நான் அன்றைக்குத்தான் விலைக்கு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து போட்டதும் மெஷின் பறந்தது. அப்பா பின்னால் வந்து நின்றார். ஒரே சொடுக்கில் கல்யாணப் படங்கள் வரிசையாகத் திறப்பதைப் பார்த்தார்.

"அப்பா" என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது வாயில் நின்றது. "இதுக்குள்ள என்னா இருந்திச்சுன்னு தெரியுமா?"

"தூசிதானே?" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டிக்கரைத் துடைத்தார். "தூசி போனதும் ஓடுது பாத்தியா. துரை குடுத்த சாமான் சும்மாவா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உருவினவர்கள் மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் அதிகம் வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அந்த மனுஷனின் அவ்வளவு கால வேலைக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு ஸ்டிக்கர்தான். அதையும் நான் உரித்தெடுத்தால் அவரிடம் வேறு என்ன மிஞ்சும்?

கொஞ்ச நாளில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. முதல் மரியாதைக்குத் துரையை அழைத்திருந்தார்கள். இவர் புதுசு. பெட்டி கொடுத்த துரை மாற்றலாகிப் போய், இன்னொருவர் வந்து போய், இவர் வந்திருக்கிறார். மாலையோடு நின்ற அவரைப் பார்த்ததும் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"துரைங்க குடுத்த கம்ப்யூட்டருங்க. இன்னமும் புதுசு மாதிரி ஓடுதுங்க. இந்தப் புள்ள அதுலதாங்க பொழைக்குது."

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். "நல்லம், நல்லம். கவனமா வச்சுக்கங்க" என்றார்.

அப்பா என்னைப் பார்த்து, கும்பிடு என்று கண்ணால் ஜாடை காட்டினார். என் கை எழவில்லை. நான் வாங்கிப் போட்ட பிராசசருக்கும் சேர்த்து அப்பாவே கும்பிட்டார்.