சித்தப்பா கண்ட மஞ்சள்

என் சித்தப்பாவுக்கு நான் வைத்த பெயர் அமோனியா. பக்கத்தில் போனாலே கண் எரியும். கொட்டகைக்குள் ஆறு தொட்டிகளில் இறால் வளர்க்கிறார். குஞ்சு விற்றவரோடு சண்டை, காற்று மோட்டார் மெக்கானிக்கோடு சண்டை, என்னோடு தினமும் சண்டை. காரணம் உண்டு. இதுவரை வளர்த்த இரண்டு முறையும் இறால் அறுபது நாள் தாண்டாமல் தொட்டியின் அடியில் சுருண்டு கிடந்தது. மூன்றாவதும் போனால் கொட்டகையை விற்றுவிடுவதாகச் சித்தி சொல்லிவிட்டார்.

தண்ணீரை அவர் கவனிக்காமல் இல்லை. தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, வண்ண அட்டையோடு ஒப்பிடுவார். மஞ்சள் என்றால் நல்லது. பச்சை என்றால் இறாலைக் கொல்லும் நிஜ அமோனியா ஏறிவிட்டது, தீனியைக் குறைக்க வேண்டும். அவருடைய நோட்டில் எல்லா நாளும் மஞ்சள்தான்.

மூன்றாவது வளர்ப்பின் ஐம்பத்திரண்டாம் நாள், அவருடைய பச்சைச் செருப்பில் ஒன்றை ஒளித்துவிட்டு, அதே அளவில் பழுப்புச் செருப்பு ஒன்றை வைத்தேன். கத்தியதும் ஓடத் தயாராக நின்றேன். மனிதர் பேசாமல் மாட்டிக்கொண்டு போனார். சட்டைக் காலர் மடிந்தாலே கத்தித் தெருவையே கூட்டுகிறவர்!

கவனிக்கவே இல்லையா? பின்னாலேயே ஓடினேன். அவர் கையிலிருந்த குழாயில் இலையைப் பிழிந்த மாதிரி நிறம்.

“சித்தப்பா, இது பச்சை.”

“மஞ்சள். உன் கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?”

சித்தியைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்து, “பச்சைதாங்க” என்றார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து நாடகமா? என் தொட்டி, என் கண்ணு. வெளிய போங்க!”

“அப்ப உங்க காலைப் பாருங்க.”

குனிந்தார். “காலுக்கு என்ன கேடு? ரெண்டும் ஒரே செருப்புதானே?”

சித்தி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏங்க, ஒண்ணு பச்சை, ஒண்ணு பழுப்பு, நெஜமாவே தெரியலையா?”

அன்று தீனி நிறுத்தம். சித்தப்பா கால்வாசித் தண்ணீரை மாற்றினார். அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு வெல்லப்பாகு கரைத்து ஊற்றினார். நடுவில் வாளியை உதைத்தார்.

மறுநாள் குழாய் என் மூக்குக்கு நேரே வந்தது. “சொல்லித் தொலை.”

“பச்சை. நேத்தைவிடக் கம்மி.”

“விளையாடினே, தோலை உரிச்சிடுவேன்.”

தினமும் இதே உபசாரம். அறுபத்தோராம் நாள் தொட்டியில் விரல் நீள இறால்கள் துள்ளின. குழாயைப் பார்த்து ‘நீலம்’ என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அவர் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

“மஞ்சள்தான், சித்தப்பா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நோட்டில் எழுதினார். பிறகு முறைத்தார்.

“அந்த இன்னொரு செருப்பை எங்கடி ஒளிச்சே?”