அமைதியான அறையில், ஒரு மீட்டர் தூரத்தில்

யோத்தபோரி நகரில் நான் தினமும் கடக்கும் சாலையில் ஒரு கம்பம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே நிற்கிறது. சிவப்பு விளக்கு எரியும்போது மெதுவாக அடிக்கும், பச்சை விழுந்ததும் படபடவென்று அடிக்கும். சுவீடனுக்கு வந்த புதிதில், ஏதோ பழுதாகிக் கிடக்கிறது, கேட்பாரில்லை என்று நினைத்தேன். பார்வையில்லாதவர்கள் காதால் கேட்டுச் சாலையைக் கடப்பதற்கான ஏற்பாடு என்று பிறகுதான் தெரிந்தது. சோதித்துப் பார்ப்போமே என்று ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் வந்து என் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். கண்ணைத் திறந்து, எனக்குப் பார்வை உண்டு என்று என் அரைகுறை சுவீடிஷில் சொன்னேன். அவர் இரக்கத்தோடு தலையாட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இப்படி ஒரு கம்பத்தை நட்டால், பக்கத்தில் நிற்பவருக்கே அது கேட்காது.

என் பிழைப்பும் இந்தக் கம்பத்தின் சாதியைச் சேர்ந்ததுதான். மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் கருவிகள் எப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதும் குழுவில் வேலை பார்க்கிறேன். விதி என்றால் நல்லெண்ணம் அல்ல. இரண்டு பேர் இரண்டு ஊரில் சோதித்தாலும் ஒரே விடை வரவேண்டும். ‘தெளிவாக’, ‘போதுமான அளவு’ போன்ற சொற்களைக் கண்டால் குழுத்தலைவி மார்த்தா சிவப்பு மையால் அடித்துவிடுவார். யாருக்குத் தெளிவு, எவ்வளவு போதும் என்று கேட்பார். அது நியாயமான கேள்வி, அதில் எனக்கு இன்றும் சண்டையில்லை. பேசும் மருத்துவக் கருவிகளுக்கு நான் ஒரு வரி எழுதினேன்: அமைதியான அறையில், ஒரு மீட்டர் தூரத்தில், குரல் இத்தனை டெசிபலுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மார்த்தா ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. அன்று ஊருக்குப் போன் போட்டு நான் அடித்துக்கொண்ட பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அமைதியான அறை என்று எழுதியவன் வளர்ந்த வீட்டைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. முன்னறையில் தறி, பின்னறையில் நாங்கள். விடிந்தால் ஆரம்பிக்கும் சத்தம் சுவர், தண்ணீர்க்குடம், நெஞ்சு எல்லாவற்றிலும் அதிரும். தறி ஓடும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை, கைச்சாடைதான். என் அக்கா பார்வதிக்கு ஆறு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. சாடை அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் அவள் மணிக்கட்டில் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் சரி, கேட்டாயிற்று. மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் ஆபத்து, அப்படியே நில். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் தவறாகப் புரிந்துகொண்டதும் இல்லை. ஓடுகிற தறிப்பக்கம் போன அக்காவை ஒருமுறை நான் அப்படி இறுக்கிப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

அக்கா இன்றும் அத்தானோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது அவளுக்குச் சர்க்கரை. அத்தான்தான் காலையில் ஊசி போட்டுவிடுகிறார். ஊசி போடுகிறவர்களுக்குச் சர்க்கரை கூடுவதைவிட, சட்டென்று குறைவதுதான் பயம். மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். முன்பு குறையும்போது அவளுக்கு வேர்க்கும், கை உதறும். வருடம் போகப்போக அந்த அறிகுறிகளும் நின்றுவிட்டன. அதற்காகத்தான் நான் அந்தப் பெட்டியை அனுப்பினேன். மேல்கையில் சர்க்கரையை அளக்கும் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டால், உள்ளங்கை அளவுள்ள பெட்டி சர்க்கரை குறையும்போது தமிழில் எச்சரிக்கும். என் விதிப்படி, எங்கள் சோதனை அறையில், நானே கேட்டுத் ‘தேறியது’ என்று கையெழுத்துப் போட்ட பெட்டி. எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம், “நல்லாருக்குடே” என்றுதான் அக்கா சொன்னாள்.

நானும் நம்பினேன். ஏனென்றால் போனில் அவள் வீடு எப்போதும் அமைதியாக இருந்தது. தறிகளைக் குறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இந்தக் காலத்துப் போன், பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரைச்சலைத் துடைத்துவிடும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். நான் பிறந்த வீட்டின் சத்தத்தையும் அது துடைத்திருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

போன மாசியில் ஒரு நாள், இங்கே காலை, அங்கே மதியம். அக்கா புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் எனக்குத் துல்லியமாகக் கேட்டது: ‘சர்க்கரை குறைகிறது. உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளவும்.’ அவள் நிறுத்தவில்லை. உப்பு கூடிவிட்டது என்று சிரித்தாள். பெட்டி மறுபடியும் சொன்னது.

“அக்கா, பெட்டி சொல்லுது, கேக்கலையா?”

“எந்தப் பெட்டி? அது கரண்ட் போனாத்தானடே பேசும்.”

“இப்ப தறி ஓடுதா?”

“ஓடாம? எட்டுத் தறியும் ஓடுது. போனைக் காதோட அமுக்கிக்கிட்டுல்லா பேசுதேன். ஒனக்குக் கேக்கலையாக்கும்?”

“அக்கா, மொதல்ல சீனியை அள்ளி வாயில போடு. போனை வைக்காத.”

அவள் சீனி டப்பாவைத் துழாவும் சத்தம் கேட்டது. எத்தனை மாதமாக இப்படி என்று பிறகு கேட்டேன். “வந்த நாள்ல இருந்தேதான். கரண்ட் போறப்ப கேட்டுக்கிடுதேன். நீ ஆசையா அனுப்புனது, கொறை சொல்ல மனசு வரலடே.” பெட்டியில் அதிர்வு கிடையாது, காதில் மாட்டும் வசதியும் கிடையாது. குரல் போதும் என்று விதி சொல்லும்போது, செய்கிறவன் எதற்குக் கூடுதலாக வைப்பான்? அந்த விதியை எழுதியவன் நான்.

என் வரியைத் திருத்தக் கேட்டேன். இரைச்சலிலும் சோதிக்கவேண்டும், உடலில் தொட்டு உணர்த்தும் எச்சரிக்கையும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். அத்தானிடம் தறிச்சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லி, இணையவழிக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டேன். எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அரை நிமிடம் கழித்து ஒருவர், “எப்போது ஆரம்பிக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கூட்டத்தின் மென்பொருள் அதையும் துடைத்துவிட்டிருந்தது. அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மார்த்தா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“இது தொழிற்சாலை. நாம் எழுதுவது வீடுகளுக்கு” என்றார்.

“இதுதான் என் அக்காவின் வீடு.”

“சரி, வேலை முடிந்து அவர் எங்கே போவார்?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். அங்கேயேதான் என்றேன். உலகத்து இரைச்சல் எல்லாம் ஒரே மாதிரி இல்லையே, எதை அளவாக வைத்துச் சோதிப்பது என்று கேட்டார். அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள். அடுத்த திருத்தம் வரச் சில வருடங்கள் ஆகும். அதுவரை அந்தப் பெட்டி என் வரியின் பலத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போகும். அங்கெல்லாம் அது பேசிக்கொண்டிருக்கும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. பெட்டியின் எச்சரிக்கை என் கைபேசிக்கும் வரும்படி இணைத்துவிட்டேன். அக்கா தன் போனை அதிர்வில் வைத்து இடுப்பில் செருகியிருக்கிறாள். செய்தி வந்தால் அது ஒருமுறைதான் அதிரும், தறி அதிர்வில் தெரியாது; அழைப்பு என்றால் விடாமல் அதிரும். சர்க்கரை குறைந்தால் செய்தி சங்கரன்கோவிலிலிருந்து இங்கே வந்து, என் விரல் வழியாகத் திரும்பிப்போய் அவள் இடுப்பில் அதிரவேண்டும். அவள் பேசவேண்டியதில்லை. இரண்டு முறை அதிர்ந்ததும் அழைப்பை வெட்டிவிடுவாள். சரி, கேட்டாயிற்று என்று அர்த்தம். இதுவரை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒருநாள் மட்டும், போனைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். வேறு எதற்கோ பின்னறைக்கு வந்த அத்தான்தான் எடுத்தார். “ஆளு நல்லாத்தான் இருக்கா மாப்ள, பதறாதீரும்” என்றார். அன்று நான் அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன்.

இன்று வேலைக்குப் போகும் வழியில், அந்தக் கம்பத்தருகே என் கைபேசி பேசுகிறது. ‘சர்க்கரை குறைகிறது.’ அழைக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. கம்பம் படபடக்கிறது. ஆட்கள் என்னைத் தாண்டிக் கடக்கிறார்கள். நான்கு, ஐந்து. அழைப்பு தானாக அறுந்துபோகிறது. அத்தானுக்கு அடிக்கிறேன். தறியருகே அவருக்கு எங்கே கேட்கும்? மறுபடி அக்காவுக்கு. சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுகிறது. குழந்தை வண்டி தள்ளிவந்த ஒரு பெண் என் பக்கம் திரும்பி, கம்பத்தைக் காட்டி, “உங்களுக்குக் கேட்கவில்லையா?” என்கிறாள்.

கேட்கிறது என்கிறேன். இன்னொரு காதில் அக்காவின் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் இன்னும் வெட்டவில்லை.