ருக்மணி கொடுத்த நான்கு விநாடி

ஆறு விநாடி. இந்த எண்ணை மறக்க வேண்டாம். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தி ஒரு தகடு அடித்தெடுக்க ஆகும் நேரம் அது. எதற்கு இரண்டு பட்டன்? அச்சு இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருப்பதற்கு.

ஓசூர் ஷெட் முதலாளி நாராயணப்பன் ஒரு பெங்களூர் கம்பெனி ஆர்டருக்காகப் போட்ட மூன்று வருஷத் திட்டத்தில் எழுதியிருந்ததோ நான்கு. ஷிப்டுக்கு ஆறாயிரத்து முந்நூறு தகடு. அந்த நான்கைக் கொடுத்தவள் ருக்மணி.

ஊத்தங்கரைக்காரி. ஒன்பது வருஷமாக இந்த ஷெட்டில் ப்ளானிங் வேலை. அவள் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றால் பிரஸ்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாக அடிப்பார்கள், டார்கெட் ஏறிவிடக் கூடாதென்று. தெரிந்து கொஞ்சம் கழித்துக்கொள்வாள். இந்த முறை அவள் நேரம் எடுக்கப் போனது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்றைய வேலை முடிந்தால்தான் மெஷினைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிரஸ்காரர்கள் பதினொரு பேரும் பறந்தார்கள், ஒரு பட்டன் அழுந்தியே இருக்க மரச்சீவலைச் செருகி, ஒற்றைக் கையால். அவள் பார்த்தாள். பண்டிகை அவசரம் என்று விட்டாள். நான்கு என்று எழுதினாள்.

சனிக்கிழமை டார்கெட் சீட்டு ஒட்டியதும் பிரஸ்காரர் லால் பாஷா சிரித்தார்.

"மேடம், நாலு செகண்டா? அப்ப தெனமும் ஆயுத பூஜைதானா?"

ஆள்காட்டி விரல் இல்லாத இடது கையைத் தூக்கிக் காட்டினார். "பழைய கம்பெனில சீவல் வச்சிதான் இது போச்சு."

ருக்மணி வாயைத் திறந்தால் ஆர்டர் போகும், அவள் வேலையும் போகலாம். மூடினால் யாருடைய விரலாவது போகும். நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், அந்த நாலு தப்பு. நான்தான் தப்பா எடுத்துட்டேன்."

"திங்கக்கிழம கையெழுத்தும்மா! இப்ப வந்து சொல்ற?"

"இப்பவாவது சொல்றனே சார்."

"மத்த ஷெட்டுக்காரன்லாம் நாலுதான் குடுப்பான்."

"நீங்களே வந்து ஒக்காந்து அடிங்க சார். ரெண்டு கையால."

வீம்புக்கு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் ஆயில் தெறித்தது. ஒரு தகட்டுக்கு ஒன்பது விநாடி.

"மொதலாளி, ஒம்போது வெரல வச்சிக்கினு நான் ஆறுல அடிக்கறேன். பத்து வெரல வச்சிக்கினு நீங்க ஒம்போதா?" என்றார் லால் பாஷா.

ஷெட்டே சிரித்தது. நாராயணப்பன் சிரிக்கவில்லை. பட்டனில் சீவல் செருகியிருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். ஒரு சாண் தள்ளி அச்சு.

"ஆறுன்னே போடும்மா. போனா போவட்டும்."

பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று பிரேம் போட்டு மாட்டுவது இந்த இரண்டு விநாடியைத்தான். மாட்டியவர்கள் எல்லாம் கொடுத்தார்களா என்பது வேறு பேச்சு.

திங்கட்கிழமை வந்த பெங்களூர்க்காரர் முகம் சுளித்தார். ஆறு விநாடிக் கணக்கில் ஷிப்டுக்கு நாலாயிரத்து இருநூறுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதியை வேறு ஷெட்டுக்குக் கொடுத்தார். அங்கே பட்டனில் என்ன செருகியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. இங்கே எலக்ட்ரீஷியன் வந்து வயரிங்கை மாற்றினார். சீவல் வைத்தால் இனி அச்சு இறங்காது. ருக்மணியின் வேலை போகவில்லை. அந்த வாரம் ஊத்தங்கரை பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் ஊர் வரும்வரை தூங்கினாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வேலை முடியவே இருட்டிவிட்டது. யாரும் முணுமுணுக்காமல் இல்லை. ருக்மணி ஒவ்வொரு மெஷினிலும் இரண்டு பட்டனுக்கும் பொட்டு வைத்தாள். பிறகு பொரி கொடுத்தாள். பதினொரு பேரும் இரண்டு கையையும் ஏந்தினார்கள். எண்ணிப் பார்த்தாள்.

விரல் நூற்றொன்பது.