சோளக்காட்டுப் பூனை மேல் விழுந்த பழி

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெரு முடிந்ததும் மக்காச்சோளக் காடு தொடங்கிவிடும். அது பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் நிலம். அவர் மனைவியை மைனி என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை, பத்து வருஷமாகச் சுவரை ஒட்டி இருக்கிற பழக்கம்.

போன மார்கழியில் மைனியின் கோழி பதினொரு குஞ்சு பொரித்தது. ஒரு வாரத்தில் ஆறுதான் மிச்சம். ஒரு நாள் காலையில் மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பூனை மைனி வீட்டுச் சுவரேறி வந்தது. வாயில் ஒரு குஞ்சு. அரை மணி நேரத்துக்கு முன்தான் பால்சோறு தின்றிருந்தது.

அன்று சாயங்காலமே மைனியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுக்கும்போது அண்ணாச்சி காட்டிலிருந்து வந்தார். "வரப்புல ஒரு காட்டுப்பூனை போவுது. அதுதான் குஞ்சத் தூக்குது. கண்ணி வைக்குதேன்" என்றார். மேலத்தெருவில் கோழி திருடிய பூனைக்குக் கருவாட்டில் மருந்து வைத்தது நினைவுக்கு வந்தது. பேசாமல் வீட்டுக்குள் வந்துவிட்டேன். காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்கிற அதே பைக் கிளட்ச் ஒயரை அண்ணாச்சி வேலி இடுக்கில் கட்டினார்.

மூன்றாம் நாள் காலை ஒரு சீறல் கேட்டது. ஓடினேன். இடுப்பில் ஒயர் இறுகக் கிடந்தது காட்டுப்பூனை. நெடுங்கால்கள், காய்ந்த சோளத்தட்டையின் நிறம், காது நுனியில் கறுப்பு மயிர், குட்டை வாலில் வளையங்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள் நான். நம் வீட்டுப் பூனையின் முன்னோர் வேறொரு தேசத்து வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை, இது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அது காதை மடக்கி, உதட்டை உயர்த்திச் சீறியபோது ஊசி போடத் தூக்கிப்போன எங்கள் பூனையின் முகம்தான் தெரிந்தது.

அண்ணாச்சி கம்பை எடுத்தார்.

"அடிக்காதீங்க அண்ணாச்சி. குஞ்சத் தூக்குனது எங்க வீட்டுப் பூனை. நான் கண்ணால பாத்தேன்."

அவர் கை நின்றுவிட்டது. பின்னாலேயே வந்திருந்த மைனிதான் கேட்டார். "மூணு நாளா எம் மூஞ்சியப் பாத்துத்தான டீச்சர் பேசிக்கிட்டு இருந்தீய?"

அண்ணாச்சி கம்பைப் போட்டுவிட்டுச் சாக்கும் குறடும் கொண்டுவந்தார். சாக்கைப் போட்டு நான் அமுக்கிப் பிடிக்க, அவர் ஒயரை நறுக்கினார். விட்ட நொடியில் அது சாக்கைப் பிய்த்துக்கொண்டு என் முன்கையைக் கீறிவிட்டு, பின்காலை நொண்டியபடி சோளத்துக்குள் போனது. பிழைத்ததா என்று தெரியாது. அறுவடை மெஷின் ஓடிய நாள் வரப்பிலேயே நின்று பார்த்தேன். எலிகள்தான் ஓடின.

கீறலுக்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதிய நர்ஸ், "வீட்டுப் பூனையா, வெளிப் பூனையா?" என்று கேட்டார். காட்டுப்பூனை என்றேன். "எந்தப் பூனையா இருந்தாலும் ஊசி ஒண்ணுதான். தேதி தவறாம வாங்க" என்றார்.

குஞ்சுகள் பெரிதாகும்வரை எங்கள் பூனையைப் பகலில் வெளியே விடவில்லை. கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கதவின் அடிப்பக்கம் பெயின்ட் முழுக்கப் போய்விட்டது. அடைத்து வைத்ததில் அதற்கு என்மேல் கோபம். மைனிக்கும் என்மேல் கோபம். பொங்கலுக்குக்கூடச் சுவர் வழியே கரும்பு வரவில்லை.

கடைசி ஊசிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். மைனி ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறுங்க டீச்சர். நானும் அங்கனதான் போறேன்."

விளாத்திகுளம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே காத்திருந்தார்.