தங்கூசியால் அளந்த பெட்டி

"நான் நேராத்தாண்ணே போறேன். பெட்டிதான் என் பேச்சைக் கேக்காம ஒரு பக்கமா வருது."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நெளுக்குளத்தில் எங்கள் படலையடியில், பின்னால் இழுவைப் பெட்டி கொழுவிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு பெண் சொன்ன முதல் கதை இது. எனக்கு உடனே வெண்கட்டியைத் தேட வேண்டியதாகிவிட்டது. வீட்டோடு சேர்த்து இறக்கிய பத்தியில்தான் என் பட்டறை. அதன் தகரச் சுவரில், வாகனங்களைக் கொண்டு வருகிறவர்கள் சொல்லும் நல்ல கதைகளை எழுதி வைப்பேன். எனக்கு இந்தத் தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. பாதியை இரும்பு சொல்லித் தந்தது, மீதியை வருகிற சனம் சொல்லித் தந்தது.

செட்டிகுளம் பக்கமிருந்து வந்திருந்தா. தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து வயல் செய்தவர்கள். அவா பிறந்தது இங்கேதான் என்றாலும் கதையில் இன்னும் மலைநாடு இருந்தது. புருசன் கட்டாரில் லொறி ஓடுகிறார். அவர் வாங்கிவிட்டுப் போன இயந்திரத்தை ஆறு மாதமாக இவாதான் ஓட்டுகிறா. முந்தநாள் ஒரு மாட்டுக்கு வழிவிடப் போய், மதகில் பெட்டியின் ஒரு சில்லு கீழே இறங்கி, சட்டத்தின் மூலை சீமெந்துக் கட்டோடு இடிபட்டிருக்கிறது. நீள்சதுரமாக இருக்க வேண்டிய அடிச்சட்டம், சீட்டுக்கட்டைக் கையால் தள்ளிய மாதிரிச் சரிந்து போயிருந்தது.

"நாளைக்குக் காலையில கோயில் பொங்கல்ண்ணே. பானை, விறகு, எட்டுப் பொம்பளைங்க, எங்க மாமியார், எல்லாரும் இதுலதான் ஏறணும்."

அது மட்டும் என்றால் வேறு பெட்டி இரவல் வாங்கலாம். விசயம் அதுவல்ல. புருசனின் தமையன், கட்டாருக்குக் கோல் எடுத்து, தம்பி கேட்கும்படியே இவாவிடம் சொல்லியிருக்கிறார்: நாளைக்கும் பெட்டி கோணலாக வந்தால் மிசினைத் தானே எடுத்து ஓட்டுவதாக. தம்பியும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லையாம்.

தண்ணீர்ப் போத்தலை எடுக்க அவா பையைத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். இயந்திரத்தைச் சுற்றி ஸ்ராட் பண்ணுகிற இரும்புக் கைபிடி இருந்தது. கடைக்குப் போனாலும் அதைக் கொண்டுதான் போவாவாம். அது இல்லாமல் யாரும் மிசினைக் கிளப்ப முடியாது அல்லவா. கைப்பைக்குள் பவுடரும் சீப்பும் வைத்திருக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், நாலு கிலோ இரும்பு வைத்திருந்தவா இவா ஒராள்தான்.

வேலை தொடங்கியது. பெட்டியைக் கழற்றி, பலகைகளை எடுத்து, சில்லுகளையும் கழற்றினோம். சட்டத்தை ஜாக்கில் நிறுத்தி வேலை செய்ய நான் விடுவதில்லை; நாலு மூலைக்கும் நாலு சீமெந்துக் கல் வைத்து, ஆடுகிறதா என்று கையால் உலுக்கிப் பார்த்தேன். காஸ் கொண்டு சூடாக்கி வளைத்தால் கெதியாய் முடியும்தானே என்று அவா கேட்டா. கெதியாய் முடியும், ஆனால் சுட்ட இடம் பிறகு இளகிப்போய்ப் பாரம் தாங்காது, மாமியாரும் பானையும் ஏறும்போது அந்த இடத்திலேயே திரும்பவும் மடங்கும் என்றேன். மாமியாரைப் பற்றிச் சொன்னதும் ஒத்துக்கொண்டுவிட்டா.

சட்டம் சரிந்தால் ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றது குறுகும். நீண்டதன் இரண்டு மூலைகளையும் செயின் புளொக் என்கிற சங்கிலிக் கப்பியால் கொழுவி ஒன்றையொன்று கிட்ட இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவுக்கு வந்தால் சட்டம் நேர். அளக்க என்னிடம் அளவு நாடா இல்லை. இருந்த நாடாவின் முதல் ஒரு அடி முறிந்து போய், அதைக் கழிக்க மறந்து ஒருவருக்கு ஒரு அடி குறைவாக வாசல் கேற் செய்து கொடுத்த நாளில் இருந்து, என் மனிசி அதை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறா.

மனிசி கொக்கிளாயில் மீன்பிடிக் குடும்பம். அதனால் எங்கள் வீட்டில் உப்பு முடிந்தாலும் தங்கூசி முடியாது. பெரிய மீனையே இழுக்கிற நைலோன் நூல், இதைவிட நல்ல கயிறு எங்கே என்று ஒரு சுருளை எடுத்து வந்தேன். நீண்ட மூலைவிட்டத்தின் ஒரு முனையில் மனிசியை நிற்க வைத்தேன், குறுகியதன் ஒரு முனையில் செட்டிகுளத்துப் பெண்ணை. இரண்டிலும் மறு நுனியைப் பிடிக்கிறது நான். முதலில் மனிசியின் பக்கம் பிடித்து நூலில் அடையாளம் வைத்து, அதே நூலை மற்றவாவின் பக்கம் கொண்டு போய் ஒத்துப் பார்ப்பேன். ஆறு விரல் வித்தியாசம் காட்டியது.

சங்கிலியின் மேல் இரண்டு ஈரச்சாக்குப் போட்டேன். அறுந்தால் சங்கிலி பாம்பு மாதிரி அடிக்கும். ஈரச்சாக்கு அதைப் படுக்க வைக்கும். சங்கிலிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, அதைத் தாண்டவும் கூடாது என்று சொல்லி, பக்கவாட்டில் நின்று கொஞ்சம் இழுத்தேன். அப்படியே விட்டு, மூலையில் பலகை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். பிறகு சங்கிலியைத் தளர்த்தி அளந்தேன். இரும்பு இழுத்த இடத்தில் நிற்காது, கொஞ்சம் பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால் தளர்த்தி அளந்தால்தான் உண்மை தெரியும். நடுவில் செட்டிகுளத்துப் பெண் உதவி செய்கிறேன் என்று சட்டத்தில் காலை வைத்து மிதிக்க வந்தா, ஏசி விலக்கினேன்.

"எங்க வீட்டு ஆளுங்கள விட நீங்க அதிகமா ஏசுறீங்களே."

"அவையள் மிசினுக்காக ஏசினம். நான் உங்கட காலுக்காக."

இதுவும் தகரத்துக்குப் போயிற்று. நான் சொன்னதையே நான் எழுதி வைத்ததற்கு மனிசி சிரித்தது தனிக் கதை.

நாலு விரலாயிற்று, பிறகு இரண்டு விரல். அந்த இரண்டு விரல்தான் எங்களைப் போட்டு வதைத்தது. இன்னும் கொஞ்சம் இழு, தட்டு, தளர்த்து, அள. பதினொரு மணிக்கு இரண்டு பக்கமும் அச்சொட்டாய் ஒத்து வந்தது. நான் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, இதெல்லாம் கைப்பழக்கம் என்று பெருமையாய்க் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் மனிசி அடுப்பில் சோறு பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா. செட்டிகுளத்துப் பெண்ணுக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு தடவை பார்ப்போம் என்றா. மனிசியின் மூலையையும் தானே பிடித்தா. பார்த்தால், இப்போது மற்றப் பக்கம் இரண்டு விரல் நீளம்! நாங்கள் தொடாமலே சட்டம் எதிர்ப்பக்கம் சரிந்து நிற்கிறது. மனிசியைக் கூப்பிட்டுப் பழைய இடத்தில் நிற்க வைத்து அளந்தேன். சரியாய் ஒத்து வந்தது. திரும்ப மற்றவா இரண்டு மூலையிலும் பிடித்தா. இரண்டு விரல் பிழை.

"அக்கா கைக்குத்தாண்ணே இது அடங்குது," என்றா அவா. குரல் இறங்கிப் போயிருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைபிடியைத் துணியோடு சேர்த்துப் பிடித்தபடி கல்லில் குந்திவிட்டா.

மனிசி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு தங்கூசியின் ஒரு நுனியை எனக்குத் தந்து, மற்ற நுனியை இழுத்துக் காட்டினா.

"இஞ்சருங்கோ, இது நீளும். மீன் இழுக்க இழுக்க நீண்டு குடுக்கிறபடியால்தானே இது அறாமல் நிக்குது. எங்கட அப்பா ஒரு நாளும் இதால ஒண்டும் அளக்கமாட்டார்."

மனிசி கொடிக்கயிறு பிடிக்கிற மாதிரி மெல்லப் பிடித்திருந்தா. மற்றவா பயத்தில், மாட்டுக் கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்திருக்கிறா. குறுகிய பக்கம் ஒவ்வொரு தடவையும் இன்னும் குறுகியதாகத் தெரிந்திருக்கிறது. இல்லாத அந்த இரண்டு விரலுக்காகத்தான் நான் ஒரு மணித்தியாலமாக இழுத்து, நேராய் வந்த சட்டத்தைத் தாண்டி மற்றப் பக்கம் கொண்டு போயிருக்கிறேன்.

இதை முதலே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லையே. கதைச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்."

செட்டிகுளத்துப் பெண் வாயில் சீலைத் தலைப்பை வைத்துச் சிரித்தா. காலையில் வந்ததில் இருந்து முதல் சிரிப்பு அதுதான். பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தா.

மனிசி போய் கொடித்தோடைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருந்த அரை அங்குல இரும்புக் கம்பியைப் பிடுங்கி வந்தா. கம்பி நீளாது, யார் பிடித்தாலும் ஒரே அளவு. பந்தல் ஒரு பக்கம் தொங்கிப் போயிற்று. இன்றைக்கு நேராகிற முறை பெட்டிக்குத்தான், பந்தலுக்கு இல்லை. செயின் புளொக்கை மற்ற மூலைகளுக்கு மாற்றி, சாக்கைத் திரும்ப நனைத்துப் போட்டு, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இழுத்தேன். நாலாவது இழுவையில் கம்பியின் வெண்கட்டி அடையாளம் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் நின்றது. வெல்டிங் பிடித்த மூலைகளைக் கம்பிப் பிரஷால் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றில் நகக்கீறல் மாதிரி வெடிப்பு. அதை அரைத்தெடுத்து, கண்ணாடி போட்டு, புதிதாய் ஒட்டினேன்.

பின்னேரம் பலகையும் சில்லும் பூட்டி, பெட்டியைக் கொழுவியாயிற்று. மனிசி ஒழுங்கையில் குழாயால் தண்ணீர் அடித்துப் புழுதியை ஈரமாக்கினா. செட்டிகுளத்துப் பெண் பைக்குள் இருந்த கைபிடியை எடுத்து, ஒரே சுற்றில் இயந்திரத்தைக் கிளப்பி, ஒழுங்கை முடியுமட்டும் ஓட்டிப் போனா.

ஈர மண்ணில் நாலு தடம். உள்ளே இயந்திரத்தின் இரண்டு சில்லு, வெளியே பெட்டியின் இரண்டு. காலையில் அவா வந்தபோது ஒரு பக்கத் தடம் இயந்திரத்தின் தடத்தில் ஏறி மிதித்திருந்தது. இப்போது இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தது. அவா இறங்கி ஓடி வந்து இடப்பக்கத்தைச் சாணால் அளந்தா, நான் வலப்பக்கத்தை அளக்கக் குந்தினேன்.

மனிசி பின்னால் நின்று சொன்னா: "ரண்டு பக்கமும் ஒராளே அளவுங்கோ."

நான் எழும்பிவிட்டேன். செட்டிகுளத்துப் பெண்ணே அளந்தா. இடப்பக்கம் ஒரு சாண். வலப்பக்கம் ஒரு சாண். நம்பாமல் இன்னொரு தடவை அளந்து, மண் ஒட்டிய கையைச் சீலையில் துடைத்தா.

கொடித்தோடைப் பந்தலை நான் அந்தத் தங்கூசியாலேயே இழுத்துக் கட்டினேன். இரண்டு நாளைக்கு ஒருக்கால் தொய்கிறது, இரண்டு நாளைக்கு ஒருக்கால் பேச்சும் வாங்குகிறேன். கம்பி இப்போது பட்டறையின் நிரந்தரச் சொத்து.

அடுத்த நாள் மத்தியானம் கோல் வந்தது. பின்னால் பறைச் சத்தமும் சனத்தின் சிரிப்பும். பெட்டி எப்படி வந்தது, புருசனின் தமையன் என்ன சொன்னார் என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலண்ணே," என்றா. "பானைக்குப் பக்கத்துல ஏறி உக்காந்தாரு. பாதி வழியிலயே தூங்கிட்டாரு. கோயில்ல வந்து நாங்கதான் எழுப்பி இறக்கினோம்."

கைபிடி எங்கே என்று கேட்டேன். மிசினிலேயே, யார் கைக்கும் எட்டும்படி கொழுவிவிட்டு வந்ததாகச் சொன்னா.