எண்பத்தாறு கிலோ மக்தலேனா

றஜிதாவின் பெயரைக் கேட்டாலே மக்தலேனாவுக்கு வயிறு எரியும். இருவரும் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரே கரையில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருடம் ஒரே கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். மீன் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றுகிற யாகப்பு முதலாளி மக்தலேனாவுக்கு வாய்த்தார். அந்த முதலாளிக்கு மீன் கொடுக்கிற லோறன்ஸ் றஜிதாவுக்கு. நியாயப்படி எரிய வேண்டியது றஜிதாவின் வயிறு. ஆனால் மூன்று பெற்ற பிறகும் கலியாண உடுப்பு அவளுக்கு அளவாகவே இருந்தது. மக்தலேனாவின் உடுப்போ முதல் பிள்ளையோடு அலுமாரிக்குப் போனது, திரும்பி வரவே இல்லை.

நாட்டில் சண்டை முடிந்து, கடலுக்குப் போக இருந்த தடை நீங்கியதும் மீன் பெருகியது. கூலர் லொறி வாசலுக்கே வந்தது. மக்தலேனாவும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டாள். அதில் என்ன குற்றம்? ஒருநாள் யாகப்பு தேத்தண்ணி குடித்தபடி, "லோறன்ஸ்ட மனுசி இன்னும் குமர்ப்பிள்ளை மாதிரித்தான் இருக்கிறா" என்று சொல்லித் தொலைத்தார். அன்று பகல் அவருக்குக் கிடைத்த கறியில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் கோயில் மண்டபத்துக்கு நிறை பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். மக்தலேனா ஏறி நின்றாள்.

"எண்பத்தாறு" என்றாள் நர்ஸ். "இந்த உயரத்துக்கு இது கூடுதல், அம்மா. நூறு பேரில முப்பது பேர் இப்பிடித்தான். சீனி வருத்தம், பிறசர், நெஞ்சு வருத்தம், எல்லாம் வரும்." பிறகு றஜிதாவை ஏற்றினாள். "ஐம்பத்திநாலு! எல்லாரும் இவவைப் போல இருக்கோணும்."

சும்மா விடுவாளா மக்தலேனா?

"எந்த நூறு பேர், மிஸ்ஸி? எங்கட கரையில எண்ணினீங்களோ? போன வருசம் நெஞ்சு வலியில செத்த சவிரியான் ஈர்க்கில் மாதிரி இருந்தவன். அவன்ர நெஞ்சை எந்தக் கொழுப்பு அடைச்சது?"

"ஒராளை வைச்சுச் சொல்லேலாது, அம்மா."

"அப்ப என்னை மட்டும் வைச்சு ஏன் சொல்றீங்க?"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்கு ஒரு தென்பு வந்தது. அடுத்த ஒரு மாதம், நர்ஸின் மெசின் பொய், அந்த நூறு பேரும் பொய் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். றஜிதா மட்டும் விடியற்காலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கரையோரம் நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க மக்தலேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு காலை, கரையில் யாகப்பு மீன் வாங்குகிற வாடியில் மீன் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர்கள், அவர்களின் மனுசிமார், றஜிதாவும் லோறன்ஸும், எல்லாரும் நின்றார்கள். இதைவிட நல்ல சபை எங்கே கிடைக்கும்? மக்தலேனா செருப்பைக் கழற்றிவிட்டு, மீன் நிறுக்கிற பெரிய தராசில் ஏறினாள்.

"இறங்கு, பைத்தியம்!" என்று யாகப்பு பாய்ந்து வந்தார். அதற்குள் எண் விழுந்துவிட்டது. எழுபத்தெட்டு.

"பார்த்தீங்களா! எட்டுக் கிலோ பொய் சொல்லியிருக்கிறாள் அந்த மிஸ்ஸி! ஏறடி றஜிதா, உன்ர வண்டவாளத்தையும் பாப்பம்."

றஜிதா சிரித்துக்கொண்டே ஏறினாள். நாற்பத்தொன்பது.

மக்தலேனாவின் முகம் சுருங்கியது. சனியன், இங்கேயும் இவளுக்குத்தானா குறைகிறது! ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை. லோறன்ஸ் தன் மீன் கூடையைப் பார்த்தான், தராசைப் பார்த்தான்.

"அவவுக்கு எட்டுக் குறையுது, இவளுக்கு ஐஞ்சு" என்றான் மெதுவாக. "அப்ப எங்கட மீனில எவ்வளவு, முதலாளி?"

"நர்ஸ்ட மெசின்தான் பிழை!" என்று கத்தினார் யாகப்பு. "மக்தலேனாவைக் கேளுங்கோ. ஒரு மாசமாச் சொல்றாள்தானே!"

"சொல்லுங்கோ மச்சாள்," என்றான் லோறன்ஸ். "எது பொய்?"

மக்தலேனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து பழைய கதையையே சொன்னால் போதும், புருஷன் தப்பிவிடுவார். சொல்லத்தான் நினைத்தாள். அவருக்கு ஒரு தைரியம் சொல்லத் திரும்பினாள்.

யாகப்பு அவளைப் பார்க்கவில்லை. தராசில் நின்ற றஜிதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டிய முகத்தோடு, "நீயாவது சொல்லு, றஜிதா" என்று கெஞ்சினார்.

அவ்வளவுதான்.

"எண்பத்தாறு" என்றாள் மக்தலேனா, கரை முழுக்கக் கேட்க. "நான் எண்பத்தாறு கிலோ. நர்ஸ் நிறுத்தது சரி."